வழி சொல்லும் பெட்டி

கூடத்து டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தது. எரிகிறேன் என்றும் சொல்லாமல் அணைகிறேன் என்றும் சொல்லாமல், பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத சம்பந்தி மாதிரி இழுத்தடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, அதைக் கொஞ்சம் பாருங்களேன். கண்ணைப் பறிக்குது," என்று செந்தாமரை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஸ்டார்ட்டர் போயிருக்கும். இந்தா, மாத்திப்புடுறேன்."

வேல்பாண்டி சட்டைப் பையிலிருந்து புது ஸ்டார்ட்டரை எடுத்தார். கார் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் மறக்காமல் கடையில் நிறுத்தி வாங்கியது. மறக்காமல் வாங்கினோம் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். மனுசனுக்குச் சந்தோஷப்பட எதெல்லாமோ காரணம் கிடைக்கிறது, பாருங்கள்.

ஸ்டூலில் ஏறினார். பழைய ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினார். ஸ்விட்சைப் போட்டதும் லைட் ஒருமுறை பளிச்சென்று வந்து, மறுபடியும் சிமிட்ட ஆரம்பித்தது. கழற்றியதைக் கையில் வைத்துப் பார்த்தார். அதுவும் புத்தம் புதிதாகத்தான் இருந்தது. தூசிகூட ஒட்டவில்லை.

ஆணி, திருகு, ஒயர்த் துண்டு எல்லாம் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பா அலமாரி மேலே இருந்தது. கையிலிருப்பதை அதில் போடலாம் என்று மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்டார்ட்டர்களாகக் கிடந்தன. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கடை. சிலவற்றில் அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"இம்புட்டையும் யாரு வாங்கிப் போட்டது?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பதில் அவருக்கே தெரிந்துவிட்டது.

செந்தாமரை கையைச் சேலையில் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். "கெடக்கட்டும்ங்க. என்னைக்காச்சும் ஒதவும்," என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் லைட்டைப் பார்த்தே சொன்னாள். "டியூபே போயிருச்சு போல. ரெண்டு முனையும் கறுத்துக் கெடக்கு."

அவர் ஸ்டூலை விட்டு இறங்காமல் அப்படியே நின்றார்.

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களில் வேல்பாண்டிக்கு ஒரு பெயர் உண்டு. வேலு வண்டியில் ஏறினால் கண்ணை மூடித் தூங்கலாம் என்பார்கள். எந்த ஊரின் எந்தச் சந்தில் எந்த வீடு என்று அவருக்குத் தெரியும். சவாரி உட்கார்ந்திருக்கும்போது இறங்கி வழி கேட்பது அவர்கள் ஸ்டாண்டில் மானக்கேடு. கண்ணாடியை இறக்கி 'அண்ணே, இங்குட்டுப் போனா எந்த ஊரு?' என்று கேட்ட ஒரு பையனை வருஷக்கணக்கில் ஓட்டித் தீர்த்தார்கள். அதில் முன்னால் நின்றவரே வேல்பாண்டிதான்.

ஊருக்கெல்லாம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, போன மாதம் தேவகோட்டை ரஸ்தா முக்கில் அவர் நின்றார். பின்னால் சவாரி இருந்தது. முன்னால் சாலை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் காரைக்குடி என்று அவருக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து போய் வருகிற முக்கு அது. அங்கே நின்ற ஆலமரம் தெரிந்தது, டீக்கடை தெரிந்தது, கடைக்காரன் கை தூக்கியதும் தெரிந்தது. வழி மட்டும் தெரியவில்லை. காரைக்குடி பஸ் ஒன்று வந்து திரும்பியது, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்டீயரிங்கெல்லாம் வியர்வை.

அந்த நேரம் பார்த்து அவர் தம்பி மருதுவும் அங்கே வண்டியோடு நின்றிருந்தான். அதே ஸ்டாண்டில் ஓட்டுகிறவன்தான். "அண்ணே, ரஸ்தால என்ன அம்புட்டு நேரம் யோசனை?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். "போன் வந்துச்சுடா," என்றார். மருது அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவரைக் குடைந்தது.

டாக்டரிடம் போகலாம்தான். டாக்டர் என்ன சொல்வார்? வண்டியைத் தொடாதே என்பார். காரை விட்டால் வேல்பாண்டி யார்? காலையில் எழுந்து எங்கே போவார்? சாவியைக் கையை விட்டுக் கொடுப்பதற்குச் செத்துப் போகலாம் என்று அவர் நிஜமாகவே நினைத்தார்.

இந்த நிலைமையில்தான் தேனம்மை ஆச்சி வீட்டிலிருந்து போன் வந்தது.

ஆச்சியின் மகனுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். நகரத்தாருக்கு ஒன்பது கோவில்கள். ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு கோவிலைச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் கோவிலிலிருந்தும் பெண்ணின் கோவிலிலிருந்தும் மாலை வந்தாலொழியக் கல்யாணம் இல்லை. பவுன் வராவிட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள், மேளம் வராவிட்டாலும் சமாளிப்பார்கள், கோவில் மாலை வராமல் மாப்பிள்ளை வீட்டைவிட்டுப் படியிறங்க முடியாது.

"வேலு, விடிகாலையில நம்ம கோவிலுக்குப் போயி மாலை வாங்கியாரணும். பங்காளி வீட்டுப் பையன் சாத்தப்பன் ஒங்கூட வருவான், மாலையை வாங்க அவன். வண்டிக்கு நீதான். வேற ஆளை நம்பி நான் அனுப்ப மாட்டேன்."

"ஆகட்டும் ஆச்சி. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீக," என்றார் வேல்பாண்டி. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் வாய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகவில்லை.

மறுநாள் செக்காலை ரோட்டில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் முத்துக்கண்ணன் தெரிந்தவர்.

"வாங்கண்ணே, என்ன வேணும்?"

"இந்த வழி சொல்ற பெட்டி இருக்குல்ல, கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டுறது…"

முத்துக்கண்ணன் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். "வேலண்ணனுக்கே வழியா?"

"எனக்கெதுக்குய்யா? நம்ம சேக்காளி ஒருத்தன், தேவகோட்டைக்காரன். புதுசா வண்டி எடுத்திருக்கான். அவன் கேட்டான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபம். ஒரு டிரைவர் தனக்கு வழி தெரியாது என்பதை மறைப்பதுதான் கஷ்டம். முத்துக்கண்ணன் நம்பினாரோ இல்லையோ, கண்ணாடி அலமாரியைத் திறந்து தட்டு அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது இப்ப வந்தது. பாட்டுக் கேக்கலாம், படம் பாக்கலாம், ரிவர்ஸ் கேமரா இருக்கு, போன் பேசலாம்—"

"அவன் வழி கேக்குறான்யா. சினிமாக் கொட்டகையா கேட்டான்?"

"அப்ப போனே போதுமேண்ணே. இந்தக் காலத்துல பெட்டி யாரு வாங்குறா?"

போனில் அவர் பார்த்துவிட்டார். வழி சொல்லிக்கொண்டே வரும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், படம் ஓடிப்போகும். விரல் எங்கேயாவது பட்டால் வேறு ஏதோ திறந்துகொள்ளும். காட்டு வழியில் டவர் போனால் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் தெரிந்த ஊரும் அவருக்கு மறந்தது.

"அவனுக்குப் போன் ஒத்து வராது. பொத்தான் ஜாஸ்தி இருக்கக் கூடாது. எழுத்து பெரிசா இருக்கணும். தமிழ்ல சொல்லணும். டவர் இல்லாட்டியும் சொல்லணும். அம்புட்டுதான்."

முத்துக்கண்ணன் கீழ்த்தட்டில் குனிந்து, உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். "பழைய மாடலு. வழியைத் தவிர இதுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஒரு காலத்தில் தன்னைப் பற்றியும் ஊர் இப்படித்தான் சொன்னது என்று வேல்பாண்டி நினைத்துக்கொண்டார். "இதையே குடு," என்றார்.

"அடிக்கடி போற எடமெல்லாம் ஏத்தித் தாரேன். பேரைத் தொட்டாப் போதும், கூட்டிட்டுப் போயிரும். என்னென்ன எடம்?"

"இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி."

தங்குதடையில்லாமல் வந்தது. ஒரு மூச்சில் ஒன்பது கோவிலும். சொல்லி முடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூளை அப்படியேதான் இருக்கிறது, தான்தான் வீணாகப் பயந்தோம் என்று தோன்றியது.

"சேக்காளி நகரத்தார் வீட்டுக்கு ஓட்டுறாரோ?"

"ஆமாமா," என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். வரும் வழியில் புது டியூப் ஒன்றும் வாங்கினார். வீட்டுக்கு வந்து மாட்டியதும் லைட் பிடித்த பிடியாக நின்று எரிந்தது. கூடமே வெளுத்துப் போனது. "பாத்தியா, சரியாப் போச்சு," என்றார் செந்தாமரையிடம். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு ராத்திரி அவர் நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே செந்தாமரை, ஆச்சி வீட்டுக் கல்யாண வேலைக்குப் போய்விட்டாள். வேல்பாண்டி காரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஆச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். சாத்தப்பன் சென்னையிலிருந்து ரயிலில் அப்போதுதான் வந்திறங்கிய களைப்பில் பின் சீட்டில் சாய்ந்தான்.

"அண்ணே, கோவில் வந்ததும் எழுப்பிவிடுங்க," என்றான். கார் தெருமுனை திரும்புவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

வேல்பாண்டி பெட்டியை உயிர்ப்பித்தார். ஒன்பது பெயர்களும் பெரிய எழுத்தில் வரிசையாக நின்றன. ஆச்சி வீட்டுக் கோவில். அவர் தயங்கவே இல்லை. இளையாத்தங்குடியைத் தொட்டார்.

அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! மாதக்கணக்கில் அவர் அப்படி ஓட்டியதில்லை. 'இடது பக்கம் திரும்பவும்' என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் சொல்வதற்கு முன்பே அவர் கை திரும்பியது. குன்றக்குடி மலை வந்தது. 'வலது பக்கம் திரும்பவும்' என்றாள். "தெரியும்த்தா, தெரியும்," என்று அவளுக்குப் பதில் சொன்னார். கண்மாய்க் கரை, பனைகள், கீழச்சிவல்பட்டி எல்லாம் போட்ட இடத்திலேயே இருந்தன. அவர் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

ஊருணி ஓரம் நிழலில் நிறுத்திவிட்டு, "தம்பி, கோவில் வந்திருச்சு," என்றார்.

சாத்தப்பன் எழுந்து கண்ணைக் கசக்கினான். கோபுரத்தைப் பார்த்தான். ஊருணியைப் பார்த்தான். கைப்பேசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணே, இது இளையாத்தங்குடில்ல?"

"ஆமா தம்பி."

"நம்ம கோவில் வைரவன்பட்டி அண்ணே."

வேல்பாண்டி சிரித்தார். சென்னைப் பையனுக்கு என்ன தெரியும்? "என்ன தம்பி வெளையாடுறீக? தேனம்மை ஆச்சி வீட்டுக்கு இளையாத்தங்குடிதான். பெரியவரை நான் எத்தனை தடவை இங்கே கூட்டியாந்திருக்கேன்…"

சொல்லச் சொல்லவே அவருக்குப் புரிந்தது. அந்தப் பெரியவர் ஆச்சியின் அப்பச்சி, பெற்ற தகப்பன். இளையாத்தங்குடி ஆச்சியின் பிறந்த வீட்டுக் கோவில். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவள் புருஷன் வீட்டுக் கோவிலுக்குப் போய்விடுகிறாள். ஆச்சி வைரவன்பட்டிக்காரியாகி ஒரு தலைமுறை ஆயிற்று. பெரியவர் செத்து, அவருக்குத் திவசம் கொடுத்துக் கொடுத்து வீட்டுக்காரர்களே ஓய்ந்துவிட்டார்கள். மீசை முளைத்த வயதில் அம்பாசிடர் ஓட்டிக்கொண்டு வந்த அதே வழியில், அதே பெரியவர் பின்னால் இருப்பது போல, சீட்டியடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டியின் மேல் ஒரு பிழையும் இல்லை. கேட்ட ஊருக்கு அது சரியாகத்தான் கூட்டி வந்தது.

சாத்தப்பன் மணியைப் பார்த்தான். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள போயிடணும் அண்ணே. பெண் வீட்ல எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க."

"போயிரலாம் தம்பி. போயிரலாம்," என்று வேல்பாண்டி வண்டியைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் பின் சக்கரம் சாலையோரச் சரிவில் இறங்கி ஏறியது. வைரவன்பட்டிக்கு எப்படிப் போவது? பெட்டியைப் பார்த்தார். ஒன்பது பெயர்களும் இருந்தன. சாத்தப்பன் இப்போதுதான் சொன்னான், எந்தப் பெயரைச் சொன்னான்? விரல் மாத்தூர் மேல் நின்றது, அங்கிருந்து நகர்ந்து நேமம் மேல் நின்றது. ஒன்பதும் கோவில்தான். ஒன்பதும் அவர் போன கோவில்தான். எதிரே ஒரு பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அவருக்குக் கேட்டது, ஆனால் எதை மிதிக்க வேண்டும் என்று காலுக்கு ஒரு கணம் தெரியவில்லை. சாத்தப்பன் பின்னாலிருந்து "அண்ணே!" என்று கத்தினான்.

வண்டி நின்றது. பால் வண்டிக்காரன் வாயில் வந்தபடி திட்டிவிட்டு ஒதுங்கிப் போனான். திட்டியதெல்லாம் நியாயம்தான்.

வேல்பாண்டி இறங்கினார். காரைச் சுற்றி நடந்து இடப்பக்கம் வந்து, கதவைத் திறந்து நின்றார்.

"தம்பி, ஒங்களுக்கு ஓட்டத் தெரியும்ல?"

"தெரியும் அண்ணே. ஏன், உடம்பு சரியில்லையா?"

"நீங்க ஓட்டுங்க."

சாத்தப்பன் வேறெதுவும் கேட்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். வேல்பாண்டி தன் காரில் முதல்முறையாக இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தானாக அழுந்தியது, அங்கே பிரேக் இல்லை.

ஆச்சியின் போன் வந்தது. "ஆச்சிகிட்ட டயர் பஞ்சர்னு சொல்லுங்க தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். தகப்பன் வயதுக்காரர் கும்பிட்டதில் அந்தப் பையன் முகம் சுண்டிப்போனது. பஞ்சர் என்றே சொன்னான்.

வைரவன்பட்டியில் மாலையை வாங்கிக்கொண்டு அவர்கள் காரைக்குடி வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கூடத்தில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார். தெருவே வாசலில் நின்றது. மாலை உள்ளே போனது, மேளம் எழுந்தது, கூட்டம் பெண் வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனது. நல்ல நேரம் முடியச் சற்றே இருக்கும்போது தாலி ஏறிவிட்டது. கல்யாணம் நடந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சர் என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

வேல்பாண்டி சாப்பிடப் போகவில்லை. சாத்தப்பன் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன சாவியை வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது ஆச்சியே அவரைத் தேடிக்கொண்டு பெண் வீட்டிலிருந்து வந்தார். பின்னால் செந்தாமரையும் வந்தாள்.

"வேலு, இன்னும் சாப்பிடலையாமே நீ? டயரை மாத்திக் கஷ்டப்பட்டியாம். மாலை வரவும்தான் எனக்கு உசுரு வந்துச்சுப்பா."

ஆச்சி சந்தோஷத்தில் இருந்தார். ஒரு தலையசைப்பு போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும். அடுத்த சவாரிக்கும் அவரையே கூப்பிடுவார்கள். அடுத்த சவாரியில் பின் சீட்டில் அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் இருப்பார்கள். எதிரே பால் வண்டி வரும்.

"பஞ்சர் இல்ல ஆச்சி," என்றார். "நான் இளையாத்தங்குடிக்குப் போயிட்டேன்."

"அங்கிட்டு எதுக்கு…" என்று தொடங்கிய ஆச்சி நிறுத்தினார். "எங்க அப்பச்சி கோவிலுக்கா?"

"ஆமா ஆச்சி. ஒங்களுக்குக் கல்யாணம் ஆனதே எனக்கு நெனப்புல இல்ல."

ஆச்சி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். கட்டிக்கொடுத்த அன்றைக்கு அவரைப் புருஷன் வீட்டில் கொண்டுவந்து இறக்கியதே இந்த வேலுதான். செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள், அவள் அழுவது தோளில் தெரிந்தது.

"சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னீக," என்றார் வேல்பாண்டி. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான் ஓட்டல ஆச்சி. இனிமே ஓட்டவே மாட்டேன். எங்க ஸ்டாண்டுல ஒருத்தன் இருக்கான், நிதானமா ஓட்டுவான். நான் தொழில் சொல்லிக்குடுத்த பய. அவனைக் கூப்பிட்டுக்கங்க. சாவியை அவன்கிட்ட குடுத்துருவேன்."

"சரிப்பா. யாரு அது? பேரைச் சொல்லு."

வேல்பாண்டி வாயைத் திறந்தார்.

முகம் வந்தது. முறுக்கிவிட்ட மீசை வந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து புருவத்தில் பட்ட தழும்பு வந்தது, அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது வந்தது. சிரிப்பு வந்தது, குரல் வந்தது. பெயர் வரவில்லை. அவர் ஆச்சியைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி இருந்தது. ஆச்சி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார், அவர் காத்திருந்ததுதான் தாங்க முடியவில்லை.

"மருது, ஆச்சி," என்றாள் செந்தாமரை. "இவுக தம்பி." அவள் புருஷன் கையிலிருந்த சாவியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அவன்கிட்ட நான் நேத்தே சொல்லி வச்சிட்டேன். காலையிலேருந்து தெருமுனையிலதான் நிக்கிறான்."

வேல்பாண்டி தெருமுனையைப் பார்த்தார். அங்கே ஒரு காரில் சாய்ந்து நின்றிருந்தவன் நிமிர்ந்து, "அண்ணே," என்று கூப்பிட்டபடி அவரை நோக்கி நடந்து வந்தான்.